கடைசி வாரத்தில் பென் டிரைவோடு வருகிறவர்களுக்கு

சேலத்தில் செர்ரி ரோடு பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக் எல்லாம் உண்டு என்றாலும், பிப்ரவரி பிறந்தால் கடையை நடத்துவது ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் ஆய்வேடும்தான். எம்.ஏ., எம்.காம்., எம்.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள், நடுவில் பி.எச்டி.க்காரர்கள். 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி எம்.ஃபில். படிப்பை நிறுத்தியதில் அந்தக் கூட்டம் மட்டும் இல்லாமல் போய்விட்டது.

"அக்கா, எல்லாம் எழுதிட்டேங்க, ஃபார்மேட் மட்டும் பண்ணிக் குடுங்க." வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஃபைலைத் திறந்து பார்த்தால் எழுத்து அளவும் மார்ஜினும் சின்ன விஷயமாக இருக்கும். எந்தத் தலைப்பு எதற்குக் கீழே வர வேண்டும் என்பதே எழுதியவருக்கு இன்னும் முடிவாகியிருக்காது. ஒரே தலைப்பு இரண்டு இயல்களில் இருக்கும். மூன்றாவது இயலில் வரவேண்டிய அட்டவணை முதல் இயலில் உட்கார்ந்திருக்கும். இதை நான் எழுத்தைத் தடிமனாக்கிச் சரிசெய்ய முடியாது. எழுதியவர்தான் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதனால் எல்லாரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: எழுதி முடித்த பிறகு வராதீர்கள், எழுத ஆரம்பிக்கும்போதே ஒருமுறை வாருங்கள்.

அப்படி வந்தால் நான் செய்து கொடுப்பது ஒரு வெற்று ஃபைல். பல்கலைக்கழகமோ துறையோ கொடுத்த விதிமுறைத் தாளை முதலில் வாங்கிப் பார்ப்பேன். சீனியரின் ஆய்வேட்டைக் கொண்டுவந்து "இதே மாதிரி" என்றால் ஒத்துக்கொள்வதில்லை, சீனியர் செய்த தப்பும் சேர்ந்தே வரும். பெரும்பாலான துறைகள் கேட்பது ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும்: ஏ4 தாள், பைண்டிங்குக்காக இடது பக்கம் ஒன்றரை அங்குலம், மற்ற பக்கங்களில் ஒரு அங்குலம், ஆங்கிலமென்றால் டைம்ஸ் நியூ ரோமன் 12, வரி இடைவெளி ஒன்றரை. வித்தியாசம் இருந்தால் தாளில் இருப்பதுதான் சட்டம். உங்கள் கைடு வேறு சொன்னால், அதைத் தாளில் ஒருமுறை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சப்மிஷன் அன்றைக்கு ஆபீஸில் உங்களுக்காகப் பேச அவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

வெற்று ஃபைலில் என்ன இருக்கும்? ஸ்டைல்கள். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் என் கடைக்கு வர வேண்டிய வேலையில் பெரும்பகுதி உங்களுக்கு இல்லாமல் போகும். எனக்கு நஷ்டம்தான், பரவாயில்லை. பிள்ளைகள் தலைப்பு வைக்கும் விதம் இது: வரியைத் தேர்ந்தெடுத்து, போல்டு போட்டு, அளவை 14 ஆக்குவது. பார்க்க அது தலைப்பு. கணினிக்கு அது கொஞ்சம் தடித்த சாதாரண வரி. ஹோம் பட்டையில் இருக்கும் ‘ஹெடிங் 1’ஐ இயல் தலைப்புக்கும், ‘ஹெடிங் 2’ஐ 1.1, 1.2 போன்றவற்றுக்கும், ‘ஹெடிங் 3’ஐ 1.1.1 போன்றவற்றுக்கும் கொடுத்தால்தான் அது தலைப்பு என்று வேர்டுக்குத் தெரியும். மூன்றாம் நிலைக்குக் கீழே போகாதீர்கள். 2.3.1.4.2 என்று எண் போட்டிருந்தால் அந்தப் பகுதியில் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது.

ஸ்டைல் போட்டுவிட்டால் பொருளடக்கம் தானாக வரும். கைடு "தலைப்பெல்லாம் 16 ஆக்கு" என்றால் ஒரே இடத்தில் மாற்றலாம். இதைவிடப் பெரிய லாபம் வேறு. வியூ பட்டையில் ‘நேவிகேஷன் பேன்’ என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் இடது பக்கம் உங்கள் தலைப்புகள் மட்டும் வரிசையாகத் தெரியும். நான் பிள்ளைகளை அதை மட்டும் வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நான் படிப்பதில்லை, எனக்கு அந்தப் பாடமும் தெரியாது. தலைப்புகளை வாசிக்கும்போது அவர்களே நின்றுவிடுவார்கள்.

வெள்ளிக் கொலுசுத் தொழிலாளர்களைப் பற்றி ப்ராஜெக்ட் செய்த ஒரு பெண் வந்திருந்தாள். சிவதாபுரம் பக்கம் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி நன்றாக உழைத்திருந்தாள். நான்காவது இயலில் அவள் வைத்திருந்த தலைப்புகள்: ‘பொதுவான தகவல்கள்’, ‘தொழிலாளர் பிரச்சினைகள்’, ‘மேலும் சில பிரச்சினைகள்’, ‘இதர’. வாசித்துவிட்டு அவளே சிரித்தாள். "அந்த ‘மேலும் சில’வில் என்ன இருக்கு பாப்பா?" என்று கேட்டேன். பற்றவைக்கிற இடத்துப் புகை, கண் எரிச்சல், கூலியைத் துண்டுக் கணக்கில் கொடுப்பது, முன்பணம் வாங்கிவிட்டு முதலாளியை மாற்ற முடியாதது என்று கடகடவென்று சொன்னாள். அவள் சொன்னதையே தலைப்பாக்கினோம். நேவிகேஷன் பேனில் தலைப்பைப் பிடித்து இழுத்தால் அதன் கீழே இருக்கும் பக்கங்களும் அட்டவணைகளும் சேர்ந்தே நகரும். கட் பேஸ்ட் எதுவும் வேண்டாம். முன்பணத்தைக் கூலிக்கு அடுத்து வைத்ததும் அவளுக்கே புதிதாக ஒரு பத்தி எழுதத் தோன்றியது. அங்கேயே உட்கார்ந்து எழுதினாள்.

சேலத்து ஆய்வேடுகளுக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது. ‘ஆய்வுப் பகுதி அறிமுகம்’ என்ற இயல். எந்தத் தலைப்பாக இருந்தாலும் சரி, 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை வரும், உருக்காலை வரும், மாம்பழம் வரும், ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் வரும். வங்கி வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஆய்வுக்கு அணையின் உயரம் எதற்கு? முப்பது பக்கம் சேர்கிறது என்பதைத் தவிர வேறு பயனில்லை. தேர்வாளர் அதைப் புரட்டிவிட்டுத்தான் போவார். நான் சொல்லும் அளவுகோல் இதுதான்: பின்னால் வரும் பகுப்பாய்வில் எந்தத் தகவலைத் திரும்பத் தொடுகிறீர்களோ அது மட்டும் இந்த இயலில் இருக்கட்டும். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி விவசாயிகளைப் பற்றி எழுதினால் மழையளவும் பாசனமும் ஜவ்வரிசி ஆலைகளும் வேண்டும். 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பும் வேண்டும், விலை பற்றிய பேச்சு அதைத் தொடாமல் நடக்காது. மேட்டூர் அணையின் வரலாறு வேண்டாம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் பற்றியென்றால் 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பியை மலைக்குக் கொண்டுவந்த கதையும் 1,500 மீட்டர் உயரமும் வரட்டும், காப்பிக்கும் உயரத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

இந்த இயலில் இன்னொரு பள்ளமும் உண்டு. மாவட்டப் புள்ளிவிவரத்தை 1961-லிருந்து 2011 வரை ஒரே அட்டவணையில் அடுக்குவார்கள். ‘சேலம் மாவட்டம்’ என்ற பெயர் அப்படியே இருக்கிறது, நிலம் அப்படியே இல்லை. 1965-ல் தருமபுரி பிரிந்தது, 1997-ல் நாமக்கல் பிரிந்தது. அட்டவணையில் எண் சட்டென்று இறங்கும் இடத்தில், ‘மக்கள்தொகை குறைந்தது’ என்று விளக்கம் எழுதியதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அட்டவணைக்கு அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு வைத்தால் போதும்: எந்த ஆண்டுக்கு எந்த எல்லை, தகவல் எங்கிருந்து எடுத்தது. அட்டவணைத் தலைப்பு மேலே, படத் தலைப்பு கீழே என்பது பொதுவான வழக்கம். அதைக் கையால் ‘அட்டவணை 4.3’ என்று அடிக்காமல் ‘இன்செர்ட் கேப்ஷன்’ வழியாகப் போட்டு, வாசகத்துக்குள் ‘கிராஸ் ரெஃபரன்ஸ்’ மூலம் குறிப்பிடுங்கள். நடுவில் ஒரு அட்டவணையை எடுத்துவிட்டாலும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்-9 தட்டினால் எண்கள் தாமாகச் சரியாகும். வாசகத்தில் ஓரிடத்திலும் பேசப்படாத அட்டவணை இருந்தால் அதைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

நோக்கங்களையும் முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. முதல் இயலில் ஐந்து நோக்கம். கடைசி இயலில் முடிவுகள் நாற்பது வரும். ‘பதிலளித்தவர்களில் 62 சதவீதம் பேர் ஆண்கள்’ என்று கேள்வித்தாள் வரிசையிலேயே போகும். அது முடிவு ஆகாது, அட்டவணையைத் திரும்பப் படித்துக் காட்டுவது. முடிவுகள் பகுதிக்கு ஐந்து நோக்கங்களையே துணைத் தலைப்பாக வைத்துவிட்டு, ஒவ்வொன்றின் கீழும் அதற்கு என்ன பதில் கிடைத்தது என்று எழுதச் சொல்வேன். ஏதாவது ஒரு தலைப்பு காலியாக நிற்கும். அதைப் பற்றி அப்புறம் கைடிடம் பேசிக்கொள்ளட்டும், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கண்டுபிடிக்கப்படுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பக்க எண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்காகத்தான் அழுதுகொண்டே வருகிறார்கள். முகப்புப் பக்கத்தில் எண் இல்லை. சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம் வரை சிறிய ரோமன் எண். முதல் இயலிலிருந்து 1, 2, 3. இதற்கு லேஅவுட் பட்டையில் பிரேக்ஸ் போய் ‘செக்ஷன் பிரேக், நெக்ஸ்ட் பேஜ்’ போட வேண்டும். கன்ட்ரோல் என்டர் போட்டால் பக்கம் மட்டும்தான் பிரியும், எண் பிரியாது. அடுத்து, புதுப் பகுதியின் ஃபுட்டரில் இருமுறை கிளிக் செய்து ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ஐ அணைத்துவிட்டு எண்ணை 1-லிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அணைக்க மறந்தால் கீழே மாற்றுவது மேலேயும் மாறும். அகலமான அட்டவணைக்கு ஒரு பக்கத்தை மட்டும் படுக்கை வாட்டில் வைக்கவும் இதே செக்ஷன் பிரேக்தான், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்களின் பாடு தனி. இன்னமும் பாமினியில் அடித்துக்கொண்டு வருகிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தமிழ் தெரிந்தாலும் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். வேறிடத்திலிருந்து எடுத்து எழுதியதைக் கண்டுபிடிக்கும் ஒற்றுமைச் சோதனை மென்பொருளால் அதைப் படிக்க முடியாது. பி.எச்டி. ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் ஏறிய பிறகு யாரும் தமிழில் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆரம்பத்திலேயே, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதிவு செய்யும் யூனிகோடில் அடியுங்கள். ஏற்கனவே அடித்தாகிவிட்டது என்றால் மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் முழு ஃபைலையும் அதில் கொட்டாதீர்கள், நடுவில் இருக்கும் நிஜ ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து அர்த்தமில்லாத தமிழாகிவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் பிரித்து மாற்ற வேண்டும்.

யூனிகோடிலும் ஒரு குழப்பம் வரும். ஸ்டைலில் அளவை 12 என்று வைத்திருப்பார்கள், தமிழ் மட்டும் அசையாது. கன்ட்ரோல் டி அழுத்தி ஃபான்ட் பெட்டியைத் திறந்து பாருங்கள். லத்தீன் எழுத்துக்கு ஓரிடம், ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று கீழே இன்னோரிடம் இருக்கும். தமிழின் எழுத்துருவும் அளவும் கீழே இருப்பதில்தான் மாறும். டைம்ஸ் நியூ ரோமனில் தமிழ் எழுத்தே கிடையாது, அதனால் வேர்டு தானாக எதையாவது எடுத்துப் போட்டுக்கொள்ளும். அது லதாவா, நிர்மலாவா என்று நீங்களே முடிவு செய்து வைத்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் இரு பக்கமும் சமன்செய்தால் சில வரிகளில் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி விழும். வாசகத்துக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம், அட்டவணைக் கட்டங்களுக்குள்ளும் நூற்பட்டியலிலும் இடது பக்கம் மட்டும் சமன்செய்வது நல்லது. ஊர்ப் பெயர்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஏற்காடு இருக்கும் ஒரே மலை, ஒரே ஆய்வேட்டில் சேர்வராயன், செர்வராயன், ஷெவராய் என மூன்று மலைகளாக இருந்ததுண்டு.

மேற்கோள் விஷயத்தில் பயம்தான் அதிகம், விவரம் குறைவு. ஒற்றுமை எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்பார்கள். யுஜிசியின் 2018-ஆம் ஆண்டு விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 என்றால் ஒரு வருடத்துக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது. அதற்கு மேலே போனால் பதிவே ரத்து. அதே விதி, முறையாக மூலம் காட்டிய மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் பொருளடக்கத்தையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே மேற்கோளை மேற்கோளாகக் காட்டுங்கள். சிறியது என்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள். நீளமானது என்றால் தனிப் பத்தியாக, இடது பக்கம் உள்ளே தள்ளி. ஏபிஏ என்கிற மேற்கோள் முறையில் 40 சொல்லும் அதற்கு மேலும் என்றால் இப்படி. "சதவீதத்தைக் குறைச்சுக் குடுங்கக்கா" என்று ஒன்றிரண்டு சொல்லை மாற்றிப்போடக் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். மொத்தமாக எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பணத்தை மேஜையில் வைத்தவர்களும் உண்டு. அந்த வேலையைச் செய்கிற கடைகள் இருக்கலாம், என்னுடையது இல்லை.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் பேட்டி எடுத்து எழுதிய ஒரு தம்பியின் ஆய்வேடு எனக்குப் பிடித்த வேலைகளில் ஒன்று. மே மாதம் நடக்கும் சேர்வராயன் கோயில் திருவிழா பற்றி வயதானவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்திருந்தான். யாரோ அதையெல்லாம் எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். பேச்சு அப்படியே இருக்கட்டும், சுற்றியுள்ள உன் வாசகம் எழுத்துத் தமிழில் இருக்கட்டும் என்றேன். ‘பேட்டி மேற்கோள்’ என்று தனியாக ஒரு ஸ்டைல் உருவாக்கி, உள்ளே தள்ளி, வரி இடைவெளியைக் குறைத்து, முடிவில் தகவலாளர் எண்ணும் வயதும் ஊரும் மட்டும் வருமாறு செய்தோம். பெயர் வேண்டாம் என்றவர்களின் பெயர் நன்றியுரையில் வந்துவிடாமலும் பார்த்துக்கொண்டோம். அது அடிக்கடி நடக்கும் தவறு.

நூற்பட்டியலில் நம் பெயர்கள் மென்பொருளைக் குழப்பும். ஆங்கில வழக்கப்படி கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று அது எடுத்துக்கொள்ளும். நமக்கு அப்பா பெயர் முன்னால் தலைப்பெழுத்தாக நிற்கும், சிலருக்குப் பின்னால் நிற்கும். நூற்பட்டியல் போடும் ஸோட்டெரோ மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் பெயரை ஒற்றைப் புலமாக மாற்றிவிட்டு அடிக்கலாம். அகரவரிசையையும் கணினி போட்டதும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். யூனிகோடு அடுக்கில் ன, ந-வுக்கு அடுத்து நிற்கிறது, ற ர-வுக்கு அடுத்து நிற்கிறது. அந்த வரிசையில் அடுக்கும் மென்பொருள் என்றால் நம் அகராதி வரிசைக்கு ஒத்துவராது. இப்போது புதிதாக ஒன்று: ஏஐ செயலிகளிடம் கேட்டு வாங்கிய பத்திகளை அப்படியே ஒட்டுகிறார்கள், தலைப்புக்கு முன்னால் நட்சத்திரக் குறியும் சேர்ந்தே வருகிறது. குறியை நான் நீக்கிவிடலாம். அது கொடுத்த நூற்பட்டியலில் இல்லாத புத்தகம் இருந்தால் நான் என்ன செய்ய? ஒவ்வொன்றையும் நூலகத்திலோ இணையத்திலோ நிஜமாகப் பார்த்தீர்களா என்று கேட்பேன். பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

பிரிண்டுக்கு வேர்டு ஃபைலோடு போகாதீர்கள். வேறு கணினியில் எழுத்துரு இல்லாவிட்டால் வரி ஓடும், வரி ஓடினால் பக்கம் ஓடும், பொருளடக்கம் பொய்யாகும். பிடிஎஃப் ஆக்கி, அதை முழுக்க ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். போட்டோக்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். கலர் வரைபடத்தைக் கருப்பு வெள்ளையில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் கோடுகளை நிறத்தால் பிரிக்காமல் புள்ளிக்கோடு, விட்டுவிட்டு வரும் கோடு என்று பிரியுங்கள். எல்லாப் பிரதிகளையும் ஒரே மூச்சில் எடுக்காமல் ஒன்றை மட்டும் எடுத்து, கைடிடம் காட்டிவிட்டு மீதியை எடுங்கள். பாண்டு தாள் விலை உங்களுக்கே தெரியும்.

பைண்டிங் கடைக்குப் போகும்போது அட்டை வாசகத்தை வாயால் சொல்லாதீர்கள், தனித் தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். உங்கள் பெயர் மதிப்பெண் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே, தலைப்பெழுத்து முன்னாலென்றால் முன்னால், பின்னாலென்றால் பின்னால். பதிவு எண்ணை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். முதுகுப் பட்டையில் பெயர், பட்டம், ஆண்டு வர வேண்டுமா என்று துறையில் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் கட்டாயம். ரெக்சின் அட்டையில் தங்க எழுத்து அடித்த பிறகு அதை அழிக்க வழியில்லை, அட்டையையே உரித்து மாற்ற வேண்டும். ஏப்ரல் கடைசியில் எந்த பைண்டிங் கடையிலும் அதற்கு ஒரு நாளாவது ஆகும்.